மணமுறிவுக்குப் பின் கடன் யாருடையது?

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பழைய இலக்கியங்களில் அது பெரும்பாலும் கடமையைக் குறிக்கும். இன்றைக்கு அச்சொல்லைக் கேட்டதும் வட்டியும் தவணையும்தான் ஞாபகம் வருகின்றன. இந்த இரண்டு பொருளும் ஒன்றோடொன்று மோதுகிற ஓர் இடம் உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கிய கடன், அவர்கள் பிரிந்த பிறகு யார் தலையில் விழும் என்ற கேள்விதான் அது.

ஆண்டு மலரில் இலக்கியமும் கல்வெட்டும் படிக்க விரும்பும் அன்பர்களுக்கு இந்தப் பொருள் சற்றுக் கசப்பாக இருக்கலாம். மங்கலமான மலரில் விவாகரத்துப் பேச்சு எதற்கு என்றும் சிலர் நினைக்கலாம். ஆனால் வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் இது எட்டாத விஷயம் இல்லை. பெங்களூரிலோ மும்பையிலோ டில்லியிலோ ஒரு வீடு வாங்க வேண்டுமானால் இருவர் சம்பளத்தையும் காட்டினால்தான் வங்கியில் கடன் கிடைக்கிறது. கல்யாணமான ஆறாம் மாதமே இருவரும் இருபது வருஷக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். ஊரில் என்றால் நாலு பெரியவர்கள் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பார்கள். இங்கே அதற்கு ஆள் இல்லை. பிரிவு வந்தால் பிள்ளை யாரிடம், ஜீவனாம்சம் எவ்வளவு, நகை எங்கே என்று எல்லாம் பேசுகிறார்கள். கடனைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதிவிட்டு எழுந்து விடுகிறார்கள். அந்த ஒரு வரிதான் பிறகு பத்து வருஷம் துரத்துகிறது.

நான் வக்கீல் அல்லன். நாற்பது ஆண்டு கடையில் பற்று வரவு எழுதியவன். ஓய்வு நேரத்தில் சட்டப் புத்தகங்களையும் பழைய தர்ம நூல்களையும் படித்தவன். படித்ததிலும் பார்த்ததிலும் தெளிவானதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அடிப்படை விதி

நம் நாட்டுச் சட்டத்தில் கடன் கையெழுத்தின் பின்னால் போகிறது, தாலியின் பின்னால் போவதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாக விளங்கும். இதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு.

முதல் பக்கம்: கையெழுத்துப் போடாதவர் பொறுப்பாளி அல்லர். கணவன் தன் பெயரில் மட்டும் வாங்கிய பர்சனல் லோனுக்கு, குடும்பம் ஒன்றாக இருக்கும்போதே மனைவி பொறுப்பில்லை. மனைவி வாங்கிய கடனுக்குக் கணவனும் அப்படியே. மேலைநாடுகள் சிலவற்றில் கல்யாணத்துக்குப் பின் சேர்ந்த சொத்தும் கடனும் இருவருக்கும் பொது என்று சட்டம் உண்டு. இந்தியாவில் அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. ஆனால் கோவா மாநிலத்தவர்க்கு, 1867-ஆம் ஆண்டு போர்த்துகீசிய சிவில் சட்டத்தின் வழியாக வந்த பொதுச் சொத்து முறை இன்றும் வழக்கில் இருக்கிறது.

இரண்டாவது பக்கம்: கையெழுத்துப் போட்டவர் விவாகரத்துக்குப் பிறகும் பொறுப்பாளியே. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. இருவர் சேர்ந்து ஒரு வாக்குறுதி கொடுத்தால், கடன் கொடுத்தவர் அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். 'பாதி நான் கட்டிவிட்டேன், மீதியை அவரிடம் கேளுங்கள்' என்று வங்கியிடம் சொல்ல முடியாது. கட்டியவர் மற்றவரிடமிருந்து அவர் பங்கைத் திரும்பக் கேட்கலாம். அது அவர்கள் இருவருக்கும் இடையிலான வழக்கு. அதற்கும் வங்கிக்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்துக்களுக்கும் பௌத்தர், சமணர், சீக்கியர்களுக்கும் 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவுத் திருமணத்துக்கு 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். முஸ்லிம்களுக்கு அவர்களுடைய சட்டம். பிரிகிற வழி இப்படிப் பலவாக இருந்தாலும் கடன் விதி எல்லோருக்கும் ஒன்றே. ஏனென்றால் அது திருமணச் சட்டங்களில் இல்லை, ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது.

பழைய நூல் சொல்வது

இது வெள்ளைக்காரன் கொண்டு வந்த சட்டம், நம் மரபில் கணவன் கடன் மனைவிக்கும் சேர்ந்ததுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் கடனைப் பற்றிய பகுதியைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கணவனோ மகனோ பட்ட கடனை ஒரு பெண் தீர்க்க வேண்டியதில்லை. மனைவி பட்ட கடனைக் கணவனும் தீர்க்க வேண்டியதில்லை. குடும்பத்துக்காகப் பட்ட கடன் மட்டும் விலக்கு என்கிறது அந்நூல். பிறகு, ஒரு பெண் தீர்க்க வேண்டிய கடன்கள் மூன்றே என்று வரையறுக்கிறது. தான் ஒப்புக்கொண்ட கடன், கணவனோடு சேர்ந்து வாங்கிய கடன், தானே வாங்கிய கடன். இவை தவிர வேறெதுவும் அவள் கொடுக்க வேண்டியதில்லை.

அன்றைக்குச் சாட்சிகள் முன்னால் வாயால் ஒப்புக்கொண்டார்கள். இன்றைக்கு முப்பது பக்கப் படிவத்தில் கையெழுத்திடுகிறோம். ஒப்புதல்தான் கடனுக்கு வேர் என்ற எண்ணம் மாறவில்லை. ஆகவே கையெழுத்துப் போடாத கடனுக்காக ஒரு பெண்ணை, 'உன் புருஷன் வாங்கினது, நீதான் கட்டணும்' என்று வசூலுக்கு வருகிறவர் மிரட்டினால், அதற்கு இன்றைய சட்டத்திலும் இடமில்லை, பழைய நூலிலும் இடமில்லை.

தீர்ப்பு யாரைக் கட்டும்?

நான் அறிந்த ஒரு குடும்பம். ஊர் பேர் வேண்டாம். அந்தப் பெண் பள்ளி ஆசிரியை. கணவனும் அவளும் சேர்ந்து வீட்டுக் கடன் வாங்கியிருந்தார்கள். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆயிற்று. ஒப்பந்தத்தில், 'வீடும் அதன் மீதுள்ள கடனும் கணவனைச் சேரும்' என்று எழுதி நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அவள் மகனை அழைத்துக்கொண்டு வேறு பேட்டைக்குக் குடிபோனாள். மூன்று வருஷம் கழித்து மகனின் காலேஜ் படிப்புக்குக் கடன் கேட்டுப் போனபோதுதான், பழைய வீட்டுக் கடன் எட்டு மாதமாகத் தவணை கட்டாமல் நிற்பதும், அது அவள் பேரிலும் பதிவாகியிருப்பதும் தெரிந்தது. கோர்ட் தீர்ப்பை எடுத்துக் காட்டினாள். மேலாளர் மரியாதையாகவே பதில் சொன்னாராம்: "அம்மா, இந்தத் தீர்ப்பு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. எங்ககிட்ட இருக்கறது உங்க கையெழுத்துதான்."

அவர் சொன்னதில் தவறில்லை. ஒரு தீர்ப்பு அந்த வழக்கில் கட்சிக்காரராக இருந்தவர்களையே கட்டும். விவாகரத்து வழக்கில் வங்கி கட்சிக்காரர் அல்ல. பழைய ஒப்பந்தத்தை மாற்றிப் புது ஒப்பந்தம் செய்ய வேண்டுமானால் அதில் சம்பந்தப்பட்ட எல்லோரும் சம்மதிக்க வேண்டும். இது ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு. கடன் கொடுத்தவர் சம்மதிக்காமல் கடனாளிகள் இருவரும் தமக்குள் எழுதிக்கொண்டது, அவர்களுக்குள் மட்டும்தான் செல்லும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதி வாங்கிய முச்சலிக்கைக்கும் இதே கதிதான்.

அதற்காகத் தீர்ப்பில் எழுதுவது வீண் என்று எண்ண வேண்டாம். 'கடனை நானே கட்டுவேன்' என்று ஒப்புக்கொண்டவர் கட்டாமல் போய், மற்றவர் கட்ட நேர்ந்தால், அத்தீர்ப்பைக் கொண்டு பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் முதலில் கட்டிவிட்டுப் பிறகு வசூலிக்க வேண்டும். வசூலுக்கு அலைவது எவ்வளவு கஷ்டம் என்று வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கையெழுத்தின் வகைகள்

எல்லாக் கையெழுத்தும் ஒரே பாரம் உடையது அல்ல. எந்த இடத்தில் போட்டோம் என்பதைப் பொறுத்தே பொறுப்பு.

கூட்டுக் கடனாளி. வீட்டுக் கடன், கார் கடன், பிள்ளையின் கல்விக் கடன் ஆகியவற்றில் 'கோ-அப்ளிகண்ட்' என்று போடுவது இது. முழுக் கடனுக்கும் முழுப் பொறுப்பு. வீட்டுப் பத்திரத்தில் பெயர் இல்லாமல் கடன் படிவத்தில் மட்டும் பெயர் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கடனில் பங்கு உண்டு, வீட்டில் பங்கு இருப்பதாகக் காட்டப் பத்திரம் இல்லை. பிரிவு வரும்போது இவர்கள் நிலைதான் மிகவும் மோசம்.

ஜாமீன்தாரர். கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது 128-ஆவது பிரிவு. கடனாளியைத் துரத்திப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீனிடம் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நம் குடும்பங்களில் மாப்பிள்ளையின் தொழில் கடனுக்கு மாமனார் ஜாமீன் போடுவது சர்வ சாதாரணம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் உறவு அறுந்தாலும் மாமனாரின் ஜாமீன் அறுவதில்லை. அவர் பணம் கட்டினால், கடன் கொடுத்தவருக்கு இருந்த உரிமைகள் அவருக்கு வந்து சேரும். ஓவர்டிராஃப்ட் போல ஓடிக்கொண்டே இருக்கும் கணக்குக்குக் கொடுத்த ஜாமீனை, இனி எடுக்கும் பணத்துக்குப் பொருந்தாது என்று எழுத்து மூலம் அறிவித்து நிறுத்த 130-ஆவது பிரிவு வழி செய்கிறது. அதுவரை எடுத்த பணத்துக்குப் பொறுப்பு நிற்கும். ஜாமீன் பத்திரத்தில் இதற்கு மாறாக ஏதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிரெடிட் கார்டு. கணவன் கணக்கில் மனைவிக்குக் கொடுக்கும் 'ஆட்-ஆன்' அட்டையில் செலவு செய்தது யாராக இருந்தாலும், பொறுப்பு முதன்மை அட்டைக்காரருடையது. பிரிவு உறுதியானதும் அந்த அட்டையை ரத்து செய்யச் சொல்லி எழுதுவது முதன்மை அட்டைக்காரரின் முதல் வேலை.

காசோலை. கூட்டுக் கணக்கிலிருந்து கொடுத்த செக் திரும்பினால், 138-ஆவது பிரிவின் கீழ்க் குற்றப் பொறுப்பு அந்தச் செக்கில் கையெழுத்திட்டவருக்கு மட்டுமே. கணக்கில் பெயர் இருப்பதாலேயே கையெழுத்திடாத மனைவியைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்குகளைப் பீரோவில் வைத்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

புரோநோட்டும் சீட்டும். வெளியூரில் நம்மவர்கள் நடத்தும் சீட்டுகளில், எடுத்தவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும் வழக்கம் உண்டு. கைமாற்றுக்குப் புரோநோட்டில் கணவன் மனைவி இருவரிடமும் கையெழுத்து வாங்குவதும் உண்டு. இவற்றுக்கும் மேலே சொன்ன விதிகளே.

மளிகைக் கடைப் பற்று. கையெழுத்து இல்லாமல் பொறுப்பு வரும் இடம் இது ஒன்று. சேர்ந்து வாழும் காலத்தில் வீட்டுக்கு வேண்டிய அரிசி பருப்பை மனைவி பற்றில் வாங்கினால், கணவன் சார்பில் வாங்கியதாகவே கொள்ளப்படும். யாக்ஞவல்கியர் 'குடும்பத்துக்காக' என்று விலக்குச் சொன்னது இதைத்தான். பிரிந்த பிறகு கடைக்காரரிடம் போய்க் கணக்கை முடித்துச் சொல்லிவிடுவது இருவருக்கும் மரியாதை.

நகைக் கடன்

கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகை ஸ்திரீதனம். அது கணவனுக்கும் மனைவிக்கும் பொதுச் சொத்து அல்ல, அவளுக்கே உரியது என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் நடைமுறையில் கணவன் அந்த நகையைத் தன் பெயரில் அடகு வைத்துக் கடைக்கு முதல் போடுகிறான். பிரிவு வந்ததும், 'கடன் என் பேர்ல இருக்கு, நகையும் என்னுது' என்கிறான். அல்லது வட்டி கட்டாமல் விட்டு நகை ஏலத்துக்குப் போகிறது.

இங்கே கடனையும் நகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கடன் கணவனுடையது, நகை மனைவியுடையது. பஞ்சம், நோய், சிறை போன்ற ஆபத்தில் மனைவியின் தனத்தைக் கணவன் பயன்படுத்திக்கொண்டால் திருப்பித் தர வேண்டியதில்லை என்று பழைய ஸ்மிருதி சலுகை கொடுத்தது. இன்றைய நீதிமன்றம் அதைவிட ஒரு படி மேலே போய், ஆபத்தில் எடுத்தாலும் திருப்பிக் கொடுக்கும் தார்மீகக் கடமை உண்டு என்கிறது. 2024 ஏப்ரலில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், பெண்ணின் 89 பவுன் நகைக்கு ஈடாக 25 லட்ச ரூபாய் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்யாணத்தில் நகை போட்டதற்கு ரசீது, போட்டோ, அடகுச் சீட்டின் நகல் ஆகியவற்றைப் பெண்ணின் பெற்றோர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தொழிலில் கூட்டு

கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் மனைவியைப் பெயரளவில் பங்குதாரராகச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குக் கல்லாப்பெட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. ஆனால் 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி, அவள் பங்குதாரராக இருக்கும் காலத்தில் நிறுவனம் பட்ட கடன் முழுவதுக்கும் அவள் சொந்தச் சொத்து வரை பொறுப்பு.

விவாகரத்தினால் கூட்டாண்மை தானாகக் கலைவதில்லை. முறைப்படி விலகல் பத்திரம் எழுத வேண்டும். அத்தோடு பொது அறிவிப்பும் கொடுக்க வேண்டும். பதிவான நிறுவனமானால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் அந்தப் பகுதி மொழிப் பத்திரிகை ஒன்றிலும் வெளியிட வேண்டும். இந்த அறிவிப்பு வராத வரையில், அவள் பங்குதாரர் என்று நம்பிச் சரக்குக் கொடுத்தவருக்கு அவள் பொறுப்பாளியாகவே நிற்பாள். விலகுவதற்கு முந்தைய கடனுக்கோ, அறிவிப்புக்குப் பிறகும் பொறுப்பு உண்டு. கடன் கொடுத்தவரும் உடன்பட்டு விடுவித்தால்தான் அது நீங்கும்.

வீட்டுக் கடனைத் தீர்க்கும் மூன்று வழிகள்

பெரிய கடன் பெரும்பாலும் வீட்டுக் கடனே. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் இன்றைய விலை 60 லட்சம். வங்கிக்குப் பாக்கி 36 லட்சம். நிகரம் 24 லட்சம். இருவரும் சரிபாதி என்று ஒத்துக்கொண்டால் ஆளுக்கு 12 லட்சம். (சரிபாதி என்று சட்டம் தானாகச் சொல்வதில்லை. யார் முன்பணம் போட்டார், யார் தவணை கட்டினார் என்பதைப் பார்த்துப் பேச வேண்டும்.)

முதல் வழி, வீட்டை விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரித்துக்கொள்வது. மனம் வலிக்கும், ஆனால் இதைப்போலச் சுத்தமான வழி வேறில்லை.

இரண்டாவது வழி, ஒருவர் வீட்டை வைத்துக்கொண்டு மற்றவருக்கு 12 லட்சம் கொடுப்பது. இங்கே 36 லட்சக் கடனையும் அவர் தம் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். இவர் சம்பளம் மட்டும் போதுமா என்று வங்கி மறுபடி கணக்குப் பார்க்கும். போதாது என்றால் விலகுபவர் பெயரை எடுக்க மறுத்துவிடும். அப்போது வேறு வங்கியில் தனிப் பெயரில் கடன் வாங்கி இந்தக் கடனை அடைக்கலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

மூன்றாவது வழி, கடன் இருவர் பெயரிலேயே இருக்கட்டும், தவணையை ஒருவர் கட்டட்டும் என்று விடுவது. பேசுவதற்குச் சுலபம் என்பதால் அநேகர் இதைத்தான் செய்கிறார்கள். மேலே சொன்ன ஆசிரியைக்கு நேர்ந்தது இதனால்தான். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக் கடன் ஆகும். அதன்பின் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் கீழ் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வங்கி வீட்டைக் கையகப்படுத்தலாம். அந்த நோட்டீஸ் பழைய விலாசத்துக்குப் போகும். பிரிந்து போனவருக்குத் தெரியாமலே ஏலம் வரைக்கும் வந்துவிடும்.

வீடு ஊரிலும் கடன் இங்கேயும் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டில் உள்ள பங்கை விட்டுக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை, சொத்து இருக்கும் எல்லைக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குடும்ப உறுப்பினர்களுக்குச் சலுகை இருக்கும் இடங்களில், விவாகரத்துக்கு முன் பதிகிறோமா பின் பதிகிறோமா என்பதே செலவை மாற்றக்கூடும். முன்கூட்டியே அங்குள்ள வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜீவனாம்சமும் தவணையும்

'எனக்கு ஏகப்பட்ட கடன், ஜீவனாம்சம் கொடுக்க வழியில்லை' என்று சொல்வது கோர்ட்டுகளில் பழைய பல்லவி. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு ஒழுங்கு செய்தது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மெய்யான கடன் கணக்கில் வரும். தவிர்ப்பதற்காக உண்டாக்கிய கடன் அங்கே அம்பலமாகும். மனைவிக்கும் இது ஒரு வாய்ப்பு. கணவன் எங்கெங்கே என்ன கடன் வாங்கியிருக்கிறான், அதில் தன் கையெழுத்து எத்தனை என்று அப்போதாவது தெரிந்துகொள்ளலாம்.

2024 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. கணவனின் சொத்திலிருந்து, பிரிந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய ஜீவனாம்ச பாக்கி, வங்கி முதலிய கடன்காரர்களின் உரிமைக்கும் முந்தியது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஒன்றை மறக்க வேண்டாம். கணவனின் சொத்தில் அவளுக்கு முதலிடம் என்றுதான் இதற்குப் பொருள். அவளே கையெழுத்திட்ட கடனிலிருந்து அவளை இது விடுவிக்காது.

செய்ய வேண்டியவை

பரஸ்பர சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவே ஆறு மாத இடைவெளி உண்டு. தகுந்த வழக்குகளில் அதைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று எல்லோருக்கும் அவசரம். ஆனால் கூட்டுக் கடன் உள்ளவர்கள் அந்த ஆறு மாதத்தைக் கடன் தீர்க்கும் காலமாகக் கருத வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. இறுதிக் கையெழுத்துப் போடும்வரைதான் எதிர்த்தரப்புக்கு வங்கி வாசலை மிதிக்க ஒரு காரணம் இருக்கும். அதன்பின் போன் எடுக்க மாட்டார்கள்.

1. இருவரும் தனித்தனியே தங்கள் சிபில் அறிக்கையை வாங்கிப் பார்க்கவும். ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். மறந்துபோன கடனும் ஜாமீனும் அதில் தெரியும்.

2. கைமாற்று, சீட்டு, புரோநோட்டு ஆகியவை அந்த அறிக்கையில் வாரா. அவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடவும்.

3. கூட்டு ஓவர்டிராஃப்ட் கணக்கில் இனி இருவர் கையெழுத்தும் இல்லாமல் பணம் எடுக்கக் கூடாது என்று வங்கிக்கு எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கவும். ஆட்-ஆன் அட்டையை நிறுத்தவும்.

4. முடிந்தவரை கடனை அடைத்தோ ஒருவர் பெயருக்கு மாற்றியோ, வங்கியிடமிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்கிய பின்பே இறுதிக் கட்டத்துக்குப் போகவும்.

5. மாற்ற முடியாமல் மிஞ்சும் கடனுக்கு, இன்ன தேதிக்குள் அடைப்பேன், தவறினால் மற்றவர் கட்டியதை வட்டியோடு தருவேன் என்று உறுதி எழுதித் தீர்ப்பில் சேர்க்கவும். அதற்கு ஈடாக ஒரு வைப்புத்தொகையோ மனையோ காட்டச் சொல்லலாம்.

6. புது விலாசத்தையும் போன் நம்பரையும் எல்லாக் கடன் கொடுத்தவர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்கவும். மாதம் ஒரு முறை தவணை கட்டப்பட்டதா என்று பார்க்கவும்.

7. கடன் முழுதும் அடைந்ததும் வீட்டின் மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். இது 2023 டிசம்பர் முதல் உள்ள விதி. பத்திரத்தை யார் கையில் கொடுக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளவும்.

நிறைவாக

சமண இல்லறத்தார்க்குச் சொல்லப்பட்ட ஐந்து விரதங்களில் ஒன்று மிகுபொருள் விரும்பாமை. எவ்வளவு வேண்டும் என்று முதலில் ஓர் அளவு வரைந்துகொண்டு, அதற்குள் வாழ்வது அது. சம்பாதிக்கும் இருவரில் ஒருவர் சம்பளத்திலேயே தவணை அடங்கும்படி வீடு வாங்கினால், நல்ல காலத்தில் மீதம் நிற்கும். உறவு முறிந்தாலும், நோய் வந்தாலும், ஒருவர் இறந்தாலும் மற்றவர் தெருவுக்கு வர மாட்டார். நாலு அறை வீட்டுக்கு ஆசைப்பட்டு இருவர் சம்பளத்தையும் இருபது வருஷத்துக்கு அடகு வைப்பது, எந்தத் திருமணத்துக்கும் பாரம்தான்.

மகளுக்கோ மகனுக்கோ கல்யாணம் செய்து வெளியூரில் குடி வைக்கும் பெற்றோர், பாத்திரம் பண்டம் வாங்கிக் கொடுப்பதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுங்கள். இருவரும் எங்கெங்கே கையெழுத்துப் போடுகிறார்களோ, அதன் தேதியும் தொகையும் அதில் ஏறட்டும். சண்டை வரும் என்று எதிர்பார்த்து எழுதுகிற கணக்கு அல்ல அது. கடைக்கு முதல் வியாபாரம் ஆகும் முன்பே பேரேட்டைத் திறந்து வைக்கிறோம் அல்லவா, குடும்பத்துக்கும் அப்படி ஒன்று இருக்கட்டும். ஒவ்வொருவர் வழக்கும் ஒவ்வொரு விதம் என்பதால், முடிவு எடுக்கும் முன் நல்ல வக்கீல் ஒருவரிடம் எல்லாக் காகிதங்களையும் காட்டுவது அவசியம்.